விவாகரத்து வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்: கோர்ட்டில் உத்தரவு வாங்க முடியுமா?

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஊரையும் நான் சொல்லவில்லை.

"மேடம், கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு பிள்ளைகள். குடித்துவிட்டு வந்தால் கை நீட்டுகிறார். மூன்று மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கேயும் வந்து வாசலில் நின்று கத்துகிறார். அந்த வீடு மாமியார் பேரில் இருப்பதால் எனக்கு அங்கே உரிமையே இல்லை என்கிறார்கள். ஸ்டேஷனில் இரண்டு தடவை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு விவாகரத்து வேண்டாம். அவரை ஜெயிலுக்கு அனுப்பவும் மனசில்லை. அடிக்காமல் இருந்தால் போதும். வழி உண்டா?"

உண்டு தங்கச்சி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் நாங்கள் இதை 'டி.வி. கேஸ்' என்போம், டொமஸ்டிக் வயலன்ஸ் என்பதன் சுருக்கம். முதல் தடவை கேட்கிற கட்சிக்காரர்கள், டி.வி. பெட்டிக்கு எதற்குக் கேஸ் என்று முழிப்பார்கள்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மனு போட்டதும் போலீஸ் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போகாது. கைது, ஜெயில் எல்லாம் நம் ஊரில் 498ஏ என்று சொல்வோமே, மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான கிரிமினல் வழக்கு, அதில் வருவது. 2024 ஜூலையிலிருந்து அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவாகிவிட்டது. டி.வி. மனு அப்படி இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் நடக்கும், ஆனால் நீங்கள் கேட்பது தண்டனை இல்லை, உத்தரவு. அடிக்கக் கூடாது, அம்மா வீட்டு வாசலுக்கு வரக் கூடாது, போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, உங்கள் அம்மா அப்பாவை மிரட்டக் கூடாது என்று 18-ஆவது பிரிவில் கேட்கலாம். விவாகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு அதே கணவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களும் உண்டு.

எங்கே போடுவது? அவர் இருக்கிற ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் அம்மா வீடு எந்த நீதித்துறை நடுவர் மன்றத்தின், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டின், எல்லையில் வருகிறதோ அங்கேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம் என்றாலும் போதும் என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டக் கோர்ட்டிலும் தாலுகாக் கோர்ட்டிலும் இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் 'பாதுகாப்பு அலுவலர்' ஒருவர் இருப்பார். அவரிடம் சொன்னால் சம்பவ அறிக்கை தயார் செய்து மனு போட உதவுவார். ஆனால் அவர் அறிக்கை இல்லாமல் மனுவே எடுக்க முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். அது கட்டாயமில்லை என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீடு மாமியார் பேரில் இருக்கிறது என்கிற விஷயத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இது பெரிய முட்டுக்கட்டை. 2006-இல் பத்ரா வழக்கில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று தீர்ப்பு வந்தது. பதினாலு வருஷம் அதைக் காட்டியே பல பெண்களை வெளியே நிறுத்தினார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும் அது 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்'தான். அதற்காக அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. வயதான மாமியாரின் நிம்மதியையும் கோர்ட் பார்க்கும். இந்தச் சட்டத்தில் மாமியாரை வெளியே போகச் சொல்லி உத்தரவு வாங்க முடியாது, கணவரைச் சொல்லலாம். அந்த வீடே வேண்டாம் என்றால் வேறு வீட்டுக்கு வாடகை கேட்கலாம். நகை, சீர்ப் பாத்திரம், சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பதும் இதே மனுவில்தான். பிள்ளைகளுக்கான செலவும் அப்படியே.

சரி, இப்போது முக்கியமான இடம். முதல் விசாரணை மூன்று நாளில், மனு முடிவு அறுபது நாளில் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷம் தாண்டுவது சகஜம். அதனால்தான் 23-ஆவது பிரிவு. முக்கிய மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். ஆபத்து தெரிகிறது என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே, எக்ஸ்பார்ட்டியாகவே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். எதைப் பார்த்துப் போடுவார்? உங்கள் அபிடவிட்டை, அதாவது நடந்ததைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற வாக்குமூலத்தை.

பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். இதில் எங்கள் வக்கீல்கள் தப்பும் உண்டு. பழைய கேஸ் அபிடவிட்டில் பெயரை மட்டும் மாற்றி, 'எதிர்மனுதாரர் உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் சொல்லொணாக் கொடுமைகள் செய்தார்' என்று எழுதிவிடுவார்கள். ஒரு நாளைக்கு அப்படிப் பத்து காகிதம் பார்க்கிற மாஜிஸ்திரேட்டுக்கு அதில் என்ன தெரியும்? 'நோட்டீஸ் அனுப்பு' என்று எழுதி ஒரு மாதம் தள்ளிவிடுவார்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவும் முதலில் 'அடிக்கடி அடிப்பார்' என்றுதான் சொன்னார். உட்காரவைத்துக் கேட்டேன். பொங்கலுக்கு முந்தின ராத்திரி, சாம்பாரில் உப்பில்லை என்று பூரிக்கட்டையால் இடது முழங்கையில் அடித்திருக்கிறார். மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு. அதில் 'படியில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்' என்று இருந்தது. பின்னாலேயே மாமியார் நின்றதால் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சீட்டைக் காட்டவே கூச்சப்பட்டார். நாங்கள் அதை அப்படியே எழுதினோம்: இன்ன தேதி, இன்ன இடம், இதனால் அடித்தார், மாமியார் உடன் நின்றதால் டாக்டரிடம் பொய் சொன்னேன். சீட்டையும் இணைத்தோம். மாஜிஸ்திரேட் அந்தப் பத்தியைத்தான் இரண்டு தடவை படித்தார். இடைக்கால உத்தரவு அன்றைக்கே கிடைத்தது.

நீங்களும் இன்று ராத்திரி ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். தேதி நினைவில்லையா? தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, சின்னவன் பிறந்தநாள் அன்று என்று எழுதுங்கள். வாசலில் கத்தினதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார், அதையும் எழுதுங்கள். ஸ்டேஷனில் எழுதி வாங்கினார்கள் என்கிறீர்களே, அந்த இரண்டு தடவைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கிற ரசீது, இருந்தால் அது தங்கம்.

உத்தரவு வந்த பிறகு? நகல் இலவசமாகத் தர வேண்டும், போலீஸுக்கும் ஒன்று போக வேண்டும். போகும் என்று காத்திருக்காமல், உங்கள் அம்மா வீட்டு எல்லை ஸ்டேஷனில் நீங்களே ஒரு நகலைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் வாசலுக்கு வந்தால் அது வெறும் குடும்பச் சண்டை இல்லை, குற்றம். 31-ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், தருவதா என்று கோர்ட்தான் முடிவு செய்யும். நீங்கள் அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. போவதா வேண்டாமா என்பது அன்றைக்கு அவர் கையில் இருக்கிறது.

இந்த வாரமே மறுபடி வந்து கலாட்டா செய்தால் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். போன் அவர் கையில் சிக்கும் என்றால் அழைப்புப் பதிவை அழித்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி, ஒரு அண்ணன் பாகப் பிரிவினை பற்றிக் கேட்டிருக்கிறார்.