மாங்குளத்தில் இரண்டு மின்னல்கள்

[காட்சி: மாங்குளம் புகையிரத நிலையம். வடக்கே நீளும் தண்டவாளம்.]

யாழ்தேவி மாங்குளத்தில் நிற்காமல் கிளிநொச்சியை நோக்கி விரைகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் அக்கா நிற்கிறார். வண்டியின் நட்டநடுவில் தம்பி இருக்கிறான். வண்டியின் முன்முனையில் ஒரு மின்னல் விழுகிறது, பின்முனையில் இன்னொன்று. இரண்டும் வண்டியிலும் தண்டவாளத்திலும் கரிந்த தடங்களை விடுகின்றன.

இரண்டின் ஒளியும் அக்காவை ஒன்றாக வந்தடைகின்றன. தண்டவாளத்துத் தடங்கள்வரை அளக்கிறார்: இருபுறமும் சம தூரம். "ஒரே நேரத்தில்தான் விழுந்தன" என்கிறார்.

[காட்சி: நகரும் வண்டி, இருபுறமிருந்தும் வரும் ஒளி அலைகள்.]

தம்பி முன்னோக்கிப் போகிறான். முன் மின்னலின் ஒளி அவனை முதலில் எட்டுகிறது. இதை அக்காவும் ஒப்புக்கொள்கிறார். பல விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன: பின் ஒளி பிந்தி வந்தது, அதனால் பிந்தித் தெரிந்தது, அவ்வளவுதான் என்று. அது போதவே போதாது. ஒளி வந்துசேர எடுத்த நேரத்தைக் கழித்த பிறகும் இருவர் கணக்கும் ஒத்துவராது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இடியை நினைத்துப் பாருங்கள். ஒலி காற்றின் வழியே வருகிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. முன் இடி விரைந்தும் பின் இடி மெதுவாகவும் தம்பியிடம் வரும். அந்தக் காற்றைக் கணக்கில் சேர்த்தால், பழைய இயற்பியலின்படி அவன் அக்காவின் முடிவுக்கே வந்துவிடுவான்.

ஒளிக்கு அப்படியொரு காற்று இல்லை. ஒளியைச் சுமப்பதாக அன்று நம்பப்பட்ட ஊடகத்துக்கு 'ஈதர்' என்று பெயர். 1887இல் மைக்கல்சன், மோர்லி என்ற விஞ்ஞானிகள் பூமியின் ஓட்டத்தால் வீச வேண்டிய 'ஈதர்க் காற்றை' நுட்பமாகத் தேடினார்கள், எதிர்பார்த்தது அகப்படவில்லை. 1905இல், பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டீன் ஒளிவேகத்தையே அடிப்படையாக்கினார்: சீராக நகரும் எவர் அளந்தாலும் வெற்றிடத்தில் அது வினாடிக்கு 299,792 கிலோமீட்டர்தான்.

இனித் தம்பியின் வாதம்: "வண்டியிலுள்ள தடங்கள் என்னிலிருந்து சம தூரம். இருபுற ஒளிக்கும் ஒரே வேகம். முன் ஒளி முந்தி வந்தது. ஆகவே முன் மின்னலே முந்தி விழுந்தது." இதில் ஓட்டையில்லை. அக்காவின் வாதத்திலும் இல்லை. மேடை ஒரு குறிப்புச் சட்டகம், அதாவது இடத்தையும் நேரத்தையும் அளக்க நிற்கும் தளம்; வண்டி இன்னொன்று. மேடைதான் அசையாமல் நிற்கிறது என்று அதற்குச் சலுகை கொடுக்கத் தோன்றும். அந்த மேடையோ பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது!

[காட்சி: இரண்டு கடிகாரங்கள்.]

தம்பியின் கணக்கில் இரு மின்னல்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம் எவ்வளவு? 300 மீட்டர் நீள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடினால், ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கோடியாகப் பிரித்ததில் ஏறத்தாழ ஒரு பங்கு.

அப்படியென்றால் காரணமும் விளைவும் இடம் மாறுமா? மாறாது. 300 மீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடி (வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வேண்டும். ஒரு மின்னலுக்கும் மற்றதற்கும் இடையில் அதைவிடக் கூடிய நேரம் கடந்திருந்தால், எவ்வளவு வேகமான வண்டியிலிருந்து அளந்தாலும் முந்தியது முந்தியதுதான். அதற்கும் குறைந்த இடைவெளியில் மட்டுமே அக்காவும் தம்பியும் வரிசை பற்றி முரண்பட முடியும். அந்த இடைவெளியில் ஒரு மின்னலின் சேதி மற்றதை எட்டியிருக்கவே முடியாது.