சந்தேகங்களுக்கு விளக்கம்: தஸ்நேவிஸ் மாதா (பனிமய மாதா) சுரூபம் 1555-ல மணிலாவுல இருந்தா வந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம். போன தடவை முத்துக்குளித்துறை, அதான் தூத்துக்குடி பக்கத்து முத்துக் குளிக்கிற கரை, அத பத்தி பேசினோம்ல, அதுக்கு கேள்வி நிறைய வந்திருக்கு, பாதி கேள்வி மாதாவோட தங்கத்தேர் அடுத்து எப்ப ஓடும்னுதான், அது எனக்கு எப்படிங்க தெரியும். ஆனா காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி ஒண்ணு கேட்டிருக்கு பாருங்க, அது என்னைய தூங்கவே விடல. "அண்ணா, தூத்துக்குடி பனிமய மாதா சுரூபம் 1555-ல மணிலாவுல இருந்து சாந்தா ஹெலேனா கப்பல்ல வந்துச்சுன்னு சொல்றாங்க, ஆனா 1555-ல மணிலாவுல கிறிஸ்தவங்களே இல்லையே, அப்புறம் எப்படி?"

சபாஷ். திருவிழாவுக்கு திருவிழா நோட்டீஸ்ல அச்சடிக்கிற விஷயம், நானே எத்தனையோ மேடையில கேட்டிருக்கேன், ஒருத்தரும் இத கேட்டதில்ல.

தங்கச்சி சொல்றது சரிதான். மெகல்லன் 1521-ல பிலிப்பைன்ஸ் பக்கம் வந்தாரு, மக்தான்ல வெட்டுப்பட்டு செத்தாரு, அதோட சரி. அதுக்கப்புறம் லெகாஸ்பி வந்து செபுல உக்காந்தது 1565. மணிலாவ ஸ்பெயின்காரங்க பிடிச்சது 1571. அதுக்கு முன்னாடி அது முஸ்லிம் ராஜாக்கள் ஆண்ட ஊரு. சில பிரசுரத்துல அங்க உள்ள கன்னியர் மடத்துல இருந்து சுரூபம் வந்துச்சுன்னு வேற போட்டிருக்கும், அங்க முதல் கன்னியர் மடமே 1621-லதான் வருது. அப்ப 1555, மணிலா, இந்த ரெண்டும் சேர்ந்து நிக்காது, ஏதாவது ஒண்ணத்தான் வச்சுக்கணும்.

என் கணக்கு என்னன்னா, வருஷம்தான் முன்னாடி போயிருச்சு. ஏன்னா மணிலா ஸ்பெயின் கையில, நம்ம கரை போர்ச்சுக்கல் கையில, 1580-ல இருந்து ஸ்பெயினுக்கும் போர்ச்சுக்கலுக்கும் ஒரே ராஜா, தூத்துக்குடியில இரக்க மாதா கோயில அர்ச்சிச்சது 1582 ஆகஸ்ட் 5, அந்த நேரத்துல மணிலாவுல இருந்து ஒரு சுரூபம் சுத்தி வந்து சேர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. இல்ல வருஷம் சரின்னா ஊரு வேற, மலாக்காவா இருக்கலாம், அது 1511-லயே போர்ச்சுகீசியர் கையில வந்தாச்சு, அங்கேருந்து இங்க கப்பல் ஓடிக்கிட்டே இருக்கும். எங்க பாட்டிகிட்ட எப்ப பொறந்தீங்கன்னு கேட்டா பெரும்புயல் அடிச்ச வருஷம்னு சொல்லும், எந்த புயல்னு கேட்டா அதுக்கு கோவம் வரும். ஊர் ஞாபகமும் அப்படித்தான், நடந்தது நிக்கும், தேதி நிக்காது. அதுக்காக நோட்டீஸ் அடிச்சவங்க மேல பாயாதீங்க.

ஆனா தங்கச்சி, சுரூபம் எங்கேருந்து வந்துச்சுங்கறது சின்ன கேள்விம்மா. வந்தது எப்படி இன்னைக்கு வரைக்கும் இங்கயே இருக்குன்னு கேளு, அதுலதான் விஷயமே இருக்கு.

1658-ல டச்சுக்காரன் தூத்துக்குடிய பிடிச்சான். அவன் கால்வின் சபை, அதாவது புராட்டஸ்டன்ட், சுரூபம் ஜெபமாலை எதுவும் ஆகாது. சேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவி சபை சாமியார்கள ஊருக்குள்ள இருக்க விடல, கோயில்கள எடுத்துக்கிட்டான். பால்தேயுஸ்னு ஒரு பாதிரியார கூட்டிட்டு வந்து இந்தக் கரையோட கடல் ஜனங்களான பரதவர்கள தன் சபைக்கு மாத்த பாத்தான், அந்த மனுசனும் சும்மா இல்ல, தமிழெல்லாம் படிச்சாரு, ஆனா இந்த ஜனங்கள மாத்த முடியல. அந்த சமயத்துல சுரூபத்த ஊருக்கு வெளிய கொண்டு போய் காப்பாத்தி வச்சிருந்தாங்க. பூசை வேணும்னா டச்சு எல்லைய தாண்டி, சாமியார் இருக்கிற எடத்துக்கு நடந்து போவாங்க.

இங்கதான் நான் எப்பவும் சொல்றத திரும்ப சொல்றேன், பழைய ஆளுங்களுக்கு சலிச்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். பங்குன்னா பங்குச்சாமி இல்ல. சாமியார் இல்லாமலும் பங்கு ஓடும், ஓடியிருக்கு. எப்படின்னா, அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே சவேரியார் (புனித பிரான்சிஸ் சேவியர்) ஒரு வேலை பண்ணி வச்சிட்டாரு. அவர் 1542-ல இங்க வந்தப்ப, 1530-கள்லயே ஞானஸ்நானம் வாங்கின ஜனங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஒரு மந்திரம் (ஜெபம்) தெரியாது, சொல்லிக்குடுக்க ஆள் கிடையாது. தமிழ்ல மந்திரங்கள எழுதி வாங்கி, கையில மணிய வச்சு ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா போய் பிள்ளைங்கள கூட்டி சொல்லிக்குடுத்தாரு. ஆனா அவரு ஒரு ஊர்ல எத்தன நாள் இருப்பாரு? அதனால ஊருக்கு ஊரு ஒரு கணக்கப்பிள்ளைய, அதாவது கோயில் வேலைய பாக்குற உள்ளூர் ஆள, போட்டாரு. மந்திரம் சொல்லிக்குடுக்கணும், கோயில பாத்துக்கணும், சாகக்கிடக்கிற குழந்தைன்னா அவரே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கணும்.

சம்பளம்? அது இன்னொரு கூத்து. இந்தக் கரையில இருந்து வர்ற பணத்துல 4000 பணம் (பணம்ங்கறது அந்தக் கால நாணயம்) போர்ச்சுக்கல் ராணி கத்தரீனாவோட செருப்புச் செலவுக்குன்னு ஒதுக்கியிருந்துச்சாம். சவேரியார் ராணிக்கே எழுதுறாரு, அத கணக்கப்பிள்ளைகளுக்கு குடுங்க, மோட்சத்துக்கு ஏற இந்த பிள்ளைங்க சொல்ற மந்திரத்த விட நல்ல செருப்பு உங்களுக்கு கிடைக்காதுங்கற மாதிரி. ராணியும் குடுத்துருச்சு! என்ன தைரியம் பாருங்க.

அந்த ஏற்பாடுதான் டச்சுக்காரன் காலத்துல தாங்கிப் பிடிச்சது, கூட பரதவர்களோட ஜாதித்தலைவர், ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள். சாமியார விரட்டலாம், கணக்கப்பிள்ளைய எங்க விரட்டுவ, அவன் உள்ளூர்க்காரன். இன்னொண்ணு, வெறும் பக்தின்னு மட்டும் நான் சொல்லமாட்டேன். டச்சுக்காரனுக்கு முத்து வேணும், சங்கு வேணும், கடலுக்குள்ள மூழ்குறவன் பரதவன், அவன் முறைச்சுக்கிட்டு படகு எடுக்கலேன்னா டச்சுக் கம்பெனிக்கு வருமானம் போச்சு. அதனால போகப்போக கண்டும் காணாம விட்டுட்டான். டச்சுக்காரன் ஆண்டுக்கிட்டு இருக்கும்போதே 1712-ல விஜிலியுஸ் மான்சி சாமி அடிக்கல் போட்டு 1713 ஆகஸ்ட் 5-ல இப்ப இருக்கிற கோயில்ல பூசை வச்சாரு! அவன் தனக்குன்னு கட்டின திரித்துவ ஆலயம் 1750-லதான் வருது, கோட்டைய பிடிச்சவனுக்கு முன்னாடி பிடிபட்டவன் கோயில் கட்டிட்டான்.

தங்கத்தேரும் அப்படித்தான், 1806-ல முதல்ல ஓடுச்சு, செஞ்சு குடுத்தது ஜாதித்தலைவர் தொன் கபிரியேல், தேர்மாறன்னு ஊரே சொல்லும். 1982-ல ரோம்ல இருந்து பசிலிக்கா (பேராலயம்) பட்டம் குடுத்தாங்க, 1582-ல இருந்து கணக்கு போட்டா 400 வருஷம். 2013-ல கோயிலுக்கு 300 ஆச்சுன்னு தேர் ஓடுச்சு, அப்புறம் 2023.

ஜூலை 26 கொடியேத்தத்துக்கு வந்து பாருங்க. கொடி மேல போற நேரத்துல துறைமுகத்துல நிக்கிற இழுவைக் கப்பல்கள்ல இருந்து சங்கு ஊதுவாங்க, கீழ ஜனங்க பாலும் பழமும் வச்சு கும்பிடுவாங்க, நெரிசல்ல செருப்பு தொலையும், அதுக்கு எந்த ராணியும் காசு குடுக்காது.

நம்ம ஆளுங்க யார் வீட்லயாவது தாத்தா கணக்கப்பிள்ளையா இருந்து பழைய நோட்டு, ஓலை ஏதாவது பரண்ல கிடந்தா தயவுசெஞ்சு எடைக்கு போட்றாதீங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க. எனக்கு மணிலாவ விட அதுதான் முக்கியம். சரி, அடுத்த கேள்வி மணப்பாடு சிலுவை கோயில் பத்தி, இருங்க தண்ணி குடிச்சுட்டு வரேன்.