இரண்டு இட்லிக்கு இடமில்லாத வயிறு: எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு புரதமும் சத்தும்

(திரையில்: மும்பை, மாட்டுங்காவில் ஒரு மெஸ். தட்டில் இரண்டு இட்லி, கிண்ணத்தில் சாம்பார்.)

வணக்கம். இந்த இரண்டு இட்லியில் எவ்வளவு புரதம் இருக்கும்? சுமார் 4 கிராம். சாம்பாரையும் சேர்த்தால் 7 அல்லது 8. ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுப்பது), பைபாஸ் (வயிற்றில் ஒரு சின்னப் பை அமைத்துக் குடலோடு இணைப்பது) என்ற எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 60 முதல் 80 கிராம். மூன்று வேளையும் இட்லி சாப்பிட்டாலும் பாதிகூட எட்டாது. அதைவிட, ஆரம்ப மாதங்களில் இரண்டு இட்லி உள்ளே போகவே போகாது. ஸ்லீவில் மிஞ்சும் வயிறு 100, 150 மில்லிதான் பிடிக்கும். பைபாஸில் அமைக்கும் பை அதைவிடச் சின்னது, 30 மில்லி அளவு.

எனக்கு ஸ்லீவ் செய்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வாரமே தாராவியிலிருந்து பெரியம்மா தூக்குவாளியோடு வந்துவிட்டார். "பச்சை உடம்புடா, கஞ்சி குடி, தெம்பு வரும்." அன்பில் குறையில்லை. கஞ்சியில் புரதம்தான் ரொம்பக் கம்மி. இருக்கிற கொஞ்ச இடத்தையும் கஞ்சி அடைத்துக்கொண்டால், உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்க ஆரம்பித்துவிடும். தராசில் எடை குறையும், மாடிப்படி ஏறினால் கால் நடுங்கும்.

முதல் சில வாரங்கள் திரவம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஓரளவு வழக்கமான சாப்பாடு. இதில் உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணைதான் பேச்சு, யூடியூப் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(திரையில்: பால் டெய்ரி, பனீர் கட்டிகள், மீன் கூடை.)

அப்புறம் கடைக்குப் போவோம். புரத விஷயத்தில் மும்பை நமக்கு நல்ல ஊர். டெய்ரியில் 'சக்கா' என்று கேளுங்கள். தயிரைத் துணியில் கட்டி நீர் வடித்தது. ஸ்ரீகண்ட் செய்வது இதை வைத்துத்தான். சர்க்கரை சேர்க்காததாக வாங்குங்கள். தயிரைவிட இதில் புரதம் இரண்டு மடங்குக்கு மேல். பனீர் 50 கிராமில் 9 கிராம், ஒரு முட்டையில் 6. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: பொம்பில், அதாவது பாம்பே டக் மீன், வழுக்கிக்கொண்டு இறங்கும்தான், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். கணக்குக்கு உதவுவது வாவலும் அயலையும். 50 கிராம் துண்டில் சுமார் 10 கிராம் கிடைக்கும்.

இப்போது கூட்டுங்கள். காலையில் ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி), கிட்டத்தட்ட 30. இரண்டு முட்டை 12. பனீர் 9, மீன் 10, மாலையில் கொஞ்சம் சக்கா. 65ஐத் தாண்டிவிட்டோம். சைவமென்றால் முட்டை, மீனுக்குப் பதில் இன்னொரு கரண்டி பவுடர். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆரம்பத்தில் பவுடர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

தட்டில் முதல் வாய் புரதம், சோறு கடைசியில். சாப்பிடும்போதும், முடித்து அரை மணி வரையும் தண்ணீர் வேண்டாம். நமக்கு இதுதான் பெரிய தண்டனை. ரசம், மோர் இல்லாமல் சாப்பாடு இறங்காத ஜாதி நாம். மற்ற நேரமெல்லாம் வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்டுங்கள்.

(திரையில்: மாத்திரை டப்பா, பக்கத்தில் டபரா டம்ளரில் காபி.)

சரி, சத்து மாத்திரை. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். வைட்டமின் பி12 உடம்பில் சேர வயிற்றின் அமிலமும், வயிறு சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். வயிற்றையே குறைத்த பிறகு இரண்டும் குறைகின்றன. ஆனால் கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் முதல் வருடம் ஒன்றுமே தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துவோம். இரண்டாம் வருடம் எனக்குப் பாதம் மரத்துப்போனது. ஊசி போட்டுத்தான் சரியானது.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயும் இரும்புக்கு எதிரி. கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேளுங்கள், அது சேர அமிலம் தேவையில்லை. ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே தடவையில் இல்லாமல் 500, 600 ஆகப் பிரித்து. கூடவே வைட்டமின் டி. மூன்றாம் மாதம் முடி கொட்டினால் பதறாதீர்கள். வேகமாக எடை குறைவதால் வருவது, பெரும்பாலும் திரும்ப வளரும். ஆறு மாதத்துக்கு மேலும் கொட்டினால் இரும்பையும் புரதத்தையும் பாருங்கள். ரத்தப் பரிசோதனை முதல் வருடம் 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க.

கடைசியாக ஒன்று. தொடர்ந்து வாந்தி எடுத்தால் நாலு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகலாம். நான் லோக்கல் ரயில் பாஸுக்குப் பின்னால் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: 'ஸ்லீவ் ஆனவர். வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின் பற்றி யோசிக்கவும்.'