ஒட்டின் ஓரம்

(மட்டக்களப்பில் தொழில்நுட்ப மாணவர்களும் வெல்டிங் பட்டறைக்காரரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கல்லடிப் புதுப் பாலத்தால் வந்தாலும் கண் பழைய பாலத்துக்குத்தான் போகிறது. 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் ஆணி அறைந்து பொருத்தியது. ஆணிப் பொருத்தில் ஒரு தகட்டில் வெடிப்பு விழுந்தால், அநேகமாக அந்தத் தகட்டு விளிம்போடு நின்றுவிடும். அடுத்த தகடு தனித் துண்டு. வெல்டிங் பிடித்தால் எல்லாம் ஒரே இரும்பு. வெடிப்புக்கு வேலி கிடையாது. வெல்டிங்கின் பலமும் அதுதான், பயமும் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் படுவான்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் நின்றேன். வெட்டுக்காலம். நெல் மூட்டை ஏற்றும் உழவு மெசின் பெட்டி ஒன்று வந்திருந்தது. பெட்டியை மெசினோடு கொளுவும் சட்டத்தில் கோளாறு. பட்டறை ஐயா அந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டு ஊறவிட்டார். துணியால் நன்றாகத் துடைத்தார். பிறகு வெண்கட்டித் தூளைப் பூசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைக்கு நடுவே தலைமயிர் மாதிரி ஈரக்கோடு ஒன்று ஊறி நின்றது. "இஞ்ச பாரு மனே, ஒட்டு உடையல்ல. ஒட்டுக்குப் பக்கத்திலதான் வெடிச்சிருக்கு" என்றார்.

அந்தப் 'பக்கத்தில்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஒட்டு முடிந்து தகடு தொடங்கும் அந்த ஓரத்தின் தகைப்பை, அதாவது இரும்பின் ஓர் அலகுப் பரப்பில் விழும் உள்விசையை, எப்படிக் கணக்கிடுவது?

கணினியில் இதற்குப் பைனைட் எலிமென்ட் முறை இருக்கிறது. உருவத்தை வலை மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் அசைவையும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துத் தகைப்பைத் தருகிற முறை. அந்தப் பெயரை அமெரிக்கப் பொறியியலாளர் ரே கிளஃப் 1960இல் வைத்தார். இன்று ஒரு மடிகணினியிலேயே செய்யலாம். தகைப்புக் கூடிய இடம் சிவப்பாகத் தெரியும். எங்கள் பிள்ளைகள் அந்தச் சிவப்பின் எண்ணை எடுத்து, இரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் தகைப்போடு, அதாவது இளகு எல்லையோடு, ஒப்பிட்டு, "சேர், பாஸ்" என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சட்டத்தை வீட்டில் கணினியில் வரைந்தேன். ஒட்டின் ஓரத்தில் 150 மெகாபாஸ்கல் (தகைப்பின் அலகு) வந்தது. வலையைப் பாதியாக நுணுக்கினேன், 188. இன்னும் பாதி, 235. மறுபடியும் பாதி, 295. எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இரவு போய்விட்டது. அது நிற்கவே நிற்காது என்பது பிறகுதான் விளங்கியது.

காரணம் இதுதான். 45 பாகைச் சரிவில் இருக்கும் ஒட்டு, தட்டைத் தகட்டைத் தொடும் இடத்தில் இரும்புக்கு வெளியே 135 பாகை மூலை ஒன்று உண்டாகிறது. படத்தில் அந்த மூலைக்கு வளைவே இல்லை, கத்திக்கூர். பாரம் போனால் இரும்பு பழையபடி திரும்பும் என்று கொள்ளும் மீளியல்புக் கணிதப்படி அந்தப் புள்ளியில் தகைப்பு முடிவிலி. வலையைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் எண் ஏறத்தாழக் கால்பங்கு ஏறும். அந்தக் கோணத்துக்கு அதுதான் விதி. ஆக, அங்கே வருகிற எண் வலையின் அளவைச் சொல்கிறதே தவிர இரும்பின் நிலையைச் சொல்லவில்லை. "வலை நுணுகினால் விடை திருந்தும்" என்று வகுப்பில் படிக்கிறோம். மற்ற இடங்களுக்கு அது சரி. இந்த மூலைக்கு மட்டும் செல்லாது.

சரி, அப்போ என்ன செய்வது? மூலையைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி நின்று அளக்க வேண்டும். சர்வதேச வெல்டிங் நிறுவகத்தின் பரிந்துரை இப்படிப் போகிறது: ஓரத்திலிருந்து தகட்டுத் தடிப்பின் 0.4 மடங்கு தூரத்தில் ஒன்று, ஒரு மடங்கு தூரத்தில் ஒன்று, இரண்டு இடத்தில் மேற்பரப்புத் தகைப்பை எடு. அந்த இரண்டையும் நேர்கோட்டில் ஓரம் வரை நீட்டு. கிடைப்பதை ஹொட் ஸ்பொட் தகைப்பு என்பார்கள். முதல் எண்ணை 1.67ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67ஆல் பெருக்கிக் கழித்தால் போதும்.

எங்கள் சட்டத்தின் தகடு 10 மில்லிமீற்றர். அப்போ 4 மில்லிமீற்றரிலும் 10 மில்லிமீற்றரிலும் பார்க்க வேண்டும். அந்த இடங்களில் கணு (வலைத் துண்டுகள் சந்திக்கும் புள்ளி) விழும்படி வலையைப் போட வேண்டும், இதை மறக்காதீர்கள். 4இல் 96, 10இல் 84 என்று வைத்துக்கொள்வோம். 160.3இலிருந்து 56.3 போனால் 104 மெகாபாஸ்கல். இனி வலையை எவ்வளவு நுணுக்கினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. அசையாத எண்ணைத்தான் நம்பிக் கணக்குப் பண்ணலாம்.

இதை இளகு எல்லையோடு ஒப்பிட்டால் திரும்பவும் பிழை. பெட்டி ஒரே பாரத்தில் முறிவதில்லை, ஏறி இறங்கும் பாரத்தில் களைத்துத்தான் முறிகிறது. சுமை கடத்தும் பக்க ஒட்டுக்கு (இரண்டு தகடு சேரும் மூலையில் முக்கோணமாகப் பிடிப்பது), இந்த முறையில், 90 மெகாபாஸ்கல் ஏற்ற இறக்கத்தை 20 இலட்சம் தடவை தாங்கும் என்று கணக்கு. தகைப்பு கூடினால் ஆயுள் அதன் மூன்றாம் அடுக்கில் குறையும். 104க்கு ஏறத்தாழ 13 இலட்சம் தடவைதான் வரும். கிறவல் பாதையில் செக்கனுக்கு ஒரு முழுக் குலுக்கல் என்றால் 360 மணித்தியாலம், நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 45 நாள். எல்லாக் குலுக்கலும் முழு அளவில் வராது, அதனால் நிசத்தில் கூட ஓடும். ஆனாலும் ஒரு போகம், இரண்டு போகத்துக்குள் ஏன் வெடிக்கிறது என்பது இப்போது விளங்கும்.

நம்ப மனம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை கூடிய பலமான உருக்கு வாங்கிப் போட்டாலும், வெல்டிங் பிடித்த பிறகு களைப்புக்கு அது கிட்டத்தட்ட அதே ஆயுளைத்தான் தரும். ஓரத்தில் கசடும் நுண்ணிய கீறலும் ஏற்கனவே இருக்கின்றன. வெடிப்புப் புதிதாகப் பிறக்கத் தேவையில்லை, வளர்ந்தால் போதும். காசை அந்த ஓரத்தைக் கிரைண்டரால் பக்குவமாக உருட்டிவிடச் செலவழியுங்கள். முறையாகச் செய்தால் தாங்கும் தகைப்பை 1.3 மடங்காக எடுக்க விதியே இடம் கொடுக்கிறது.

சின்ன ஒட்டு என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். 1980 மார்ச் 27ஆம் திகதி வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். தாங்கு குழாய் ஒன்றில் நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி (ஹைட்ரோபோன்) பொருத்துவதற்காகப் பிடித்த 6 மில்லிமீற்றர் பக்க ஒட்டில்தான் வெடிப்புத் தொடங்கியிருந்தது. அந்த ஒட்டின் மேல் பெரிய சுமை எதுவும் இல்லை. சும்மா ஒரு கருவியைத் தாங்கத்தான் அது. அந்த 123 வீடுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

கடைசியாக வேர். நான் சொன்ன முறை ஓரத்தை மட்டும்தான் பார்க்கும். ஒட்டின் அடியில், இரண்டு தகடும் உருகிச் சேராமல் விட்ட இடைவெளியின் நுனியிலும் வெடிப்புத் தொடங்கும். அது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கணினி அங்கே நம்மை இலகுவில் ஏமாற்றிவிடும். இரண்டு தகடு தொட்டுக்கொண்டிருந்தால் பல மென்பொருள்கள் முழு முகத்தையும் ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஒட்டியிருப்பது விளிம்பில் மட்டும். 6 மில்லிமீற்றர் கால் (தகட்டோடு ஒட்டும் பக்கம்) உள்ள ஒட்டின் தொண்டை, அதாவது வேரிலிருந்து முகம் வரையுள்ள மிகக் குறைந்த தடிப்பு, 4.2 மில்லிமீற்றர்தான், சுமை முழுக்க அதற்குள்ளால்தான் போகிறது. அதனால் அந்த இடைவெளியைப் படத்தில் கட்டாயம் வரையுங்கள். வேரைக் கணக்கிட வேறு வழி உண்டு: நுனியை 1 மில்லிமீற்றர் ஆரையில் உருட்டி வரைந்து, அங்கே வரும் உச்சத் தகைப்பை 225 மெகாபாஸ்கல் என்ற வகுப்போடு (20 இலட்சம் தடவைக்கான அளவு) ஒப்பிட வேண்டும். 90ஐ இங்கே கொண்டுவரக் கூடாது. தகைப்பையும் ஆயுளையும் இணைக்கும் வரைகோடு முறைக்கு முறை வேறு.

முன்மேசையில் அந்தப் பெட்டிச் சட்டத்தின் துண்டு இருக்கிறது. குறுக்கே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவி வைத்திருக்கிறேன். ஒட்டு எதுவரை இறங்கியது, வேரில் எவ்வளவு சேராமல் விட்டது என்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மற்றத் துண்டில் வெடிப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வந்து நீங்களே பூசிப் பாருங்கள்.