முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? என் பட்டறைக்கு வருகிற பலர், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். அடியில் பார்த்தால் பல வண்டிகளில் தேய்ந்திருப்பது லோயர் ஆர்ம்.

சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கிற இரும்புக் கை அது. சட்டத்துப் பக்கம் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரண்டு ரப்பர் புஷ், சக்கரத்துப் பக்கம் ஒரு பால் ஜாயிண்ட், அதாவது எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய உருண்டை மூட்டு. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாகச் சேர்த்த, ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளரின் ஸ்ட்ரட் அமைப்பு 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. இன்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் அதுதான். இதில் சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள இந்த ஒரு கைதான் உண்டு. புஷ் தளர்ந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரத்தில் தேயும். பால் ஜாயிண்ட் கழன்றாலோ சக்கரமே மடங்கிவிடும். அதில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆர்மை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றுவதையே நான் சொல்வேன். தவறு நடப்பது கடைசியில், புஷ்ஷைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டை இறுக்கும்போது.

ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் ஆர்ம் மாற்றி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதே சத்தம். வண்டியைத் தரையில் நிற்க வைத்தபடியே போல்ட்டைத் தளர்த்தினேன். ‘தட்’டென்று ஒரு அதிர்வு. முறுகிக் கிடந்த ரப்பர் விடுபட்ட சத்தம் அது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது; விரலால் தடவினால் கரித்தூள் போல உதிர்ந்தது.

புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் குழாய் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும், சுழலாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. வண்டி தூக்கியிருக்கும்போது ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போதே இறுக்கிவிட்டால், இறக்கிய நொடியிலிருந்து, வண்டி சும்மா நிற்கும்போதுகூட, ரப்பர் முறுகியே இருக்கும். அப்புறம் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் முதலில் போல்ட்டைக் கையால் திருகி விடுங்கள். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகு, கம்பெனி கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால், இறுக்குங்கள். நீங்களே செய்யாவிட்டாலும் மெக்கானிக்கிடம், “அண்ணே, வண்டியை இறக்கிட்டுத்தானே டைட் பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய நேராக வீல் அலைன்மெண்ட்டுக்குப் போங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை வந்து போல்ட் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.