கதவு திறக்கும் செலவு

வணக்கம் நேயர்களே. கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு நாளாவது நெருக்குப்பட்டு நடந்திருப்பீர்கள். அங்கே சாமான் மலிவு என்றுதானே பஸ் ஏறிப் போகிறோம்? அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

மலிவு விலைக் கடை போட விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். "ஐயா, சரக்கு எங்கே குறைந்த விலைக்கு எடுக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, உன் கடைக் கதவைத் திறக்க ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு?" பெரும்பாலும் பதில் வராது.

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் ஒரு முதலாளி. இருபது வயதில் அவருடைய மொத்தக் கடையில் நான் சிட்டை எழுதினேன். இரவு லாச்சிக் காசை எண்ணி முடித்ததும் அவர் விற்பனையைப் பார்க்கமாட்டார். வாடகை, சம்பளம், கரண்ட், லொறிக் கூலி, தேத்தண்ணி, கட்டுக் கயிறு எல்லாவற்றையும் நாள் கணக்காக்கி, கொப்பியில் ஒரே வரியில் எழுதுவார். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் வாரம் வியாபாரம் மும்மடங்கு. நாங்கள் துள்ளுகிறோம். அவரோ அமைதியாக, "இன்றைக்குக் கதவு திறக்க எவ்வளவு போனது?" என்றார். அன்று கூலிக்கு எடுத்த ஆட்களின் காசையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் சிரித்தார்.

சாமானை ஒவ்வொன்றாக அடுக்கவும் அவர் விடமாட்டார். காட்போட் பெட்டியின் முன்பக்கத்தைக் கத்தியால் வெட்டி அப்படியே தட்டில் ஏற்றவேண்டும். மூன்று பேர் வேலையை ஒரு பொடியன் முடிப்பான். ஜெர்மனியில் ஆல்டி கடைகளை வளர்த்த அல்பிரெக்ட் சகோதரர்களும் இதே வழியில்தான் போனார்கள் என்று பல வருடம் கழித்து வாசித்தேன். குறைந்த வகைச் சாமான், பெட்டியோடு விற்பனை, அலங்காரம் இல்லை. எங்கள் முதலாளிக்கு அந்தப் பெயரே தெரியாது. செலவைக் கண்ணால் பார்த்துப் பழகியவர், அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளவத்தையில் சொந்தக் கடை போட்டபோது நான் அதை விட்டுவிட்டேன். காலி வீதி முகப்புத்தான் வேண்டும் என்று இரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கட்டினேன். கண்ணாடிக் கதவு, ஏசி, பெரிய பலகை. சரக்கு எடுக்கக் கையில் காசில்லை. கடனுக்கு எடுத்தால், உடன் காசு கொடுப்பவருக்குக் கிடைக்கும் குறைந்த விலை கிடைக்காது. கூடிய விலைக்கு வாங்கியவன் எதை மலிவாக விற்பது? பதினொரு மாதத்தில் மூடினேன். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் கனக்கிறது.

சரி, ஒரு கணக்கு. பேனை வேண்டாம், மனக்கணக்கே போதும். மாதச் செலவு 3 லட்சம் என்று வையுங்கள். நாளுக்கு 10,000. நூறு ரூபாய் விற்பனையில் பத்து ரூபாய் மிஞ்சினால், தினமும் 1 லட்சம் விற்றால்தான் கதவு திறந்த செலவு தேறும். போட்டிக்காக இன்னும் 2 ரூபாய் குறைத்து எட்டு ரூபாய் மிஞ்சினால் ஏறக்குறைய 1,25,000 விற்கவேண்டும். ஆகவே விலையைக் குறைக்குமுன் செலவைக் குறையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முதலில் செலவு.

சம்பளத்தில் பலர் தவறுவது இங்கேதான். 40,000 ரூபாய் சம்பளம் என்றால் அதற்கு மேல் முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். உங்கள் கையிலிருந்து போவது 46,000. மின்கட்டணமும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். பழைய பில்லை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பட்ட பாட்டை அயலில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரக்கு இழப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக இது: 90 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் சாமான் ஒன்று திகதி முடிந்து வீணானால், அந்த 90 ரூபாயை மீட்க இன்னும் ஒன்பது விற்கவேண்டும். முதலில் வந்த சரக்கை முன்னால் வையுங்கள், வாரம் ஒருமுறை தட்டுத் தட்டாகத் திகதி பாருங்கள். வாடகை ஒப்பந்தம் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.