ஐந்தெழுத்தும் நம்முடைய நாவும்

(யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி ஆலயம் ஒன்றின் சிவராத்திரி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் அறங்காவலர் சபைத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கி அமர்ந்திருக்கும் பிரதம குருக்கள் ஐயா அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் நேரத்தோடு வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்து இன்று எண்பது வயதைக் கடந்தும் கைத்தடியூன்றி வந்திருக்கும் பண்டிதர் ஐயா அவர்களே, அறநெறிப் பாடசாலை ஆசிரியைமாரே, சற்று முன் பஞ்சபுராணம் ஓதிய பிள்ளைகளே, அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடை என் ஆசிரியரின் தோளில் கிடப்பதே முறையாதலால், சபையார் அனுமதித்தால் இறங்கிச் சென்று அதனை அவருக்குச் சாத்திவிட்டுத் தொடர்கிறேன்.

ஐந்தெழுத்தின் பொருள், அதனை ஓதும் முறை, உருவேற்றும் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பற்றி நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். 'எறும்பூரக் கல்லும் தேயும்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். மந்திர செபத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

யசுர் வேதத்துத் தைத்திரீய சங்கிதையின் ஏழு காண்டங்களில் நடுவணதாகிய நான்காம் காண்டத்தில் வரும் திருவுருத்திரத்தினுள் 'நமசிவாய' என்னும் ஐந்தெழுத்து அமைந்திருக்கிறது. அதனைத் தமிழ் நாவுக்கு உரியதாக்கித் தந்தவர்கள் நம் நாயன்மார்கள். 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று சம்பந்தர் பாடியது தம் திருமணக் கோலத்தில், சோதியில் கலக்கும் வேளையில். அத்தலம் எங்கள் நல்லூர் அன்று, சோழநாட்டு நல்லூர்ப்பெருமணம். கல்லோடு கட்டிக் கடலில் வீழ்த்தப்பட்ட அப்பருக்கு ஐந்தெழுத்தே தெப்பமாயிற்று. 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று சுந்தரர் கொடுமுடியில் பாடினார். மனம் மறந்தாலும் நா சொல்லும் என்கிறார். அந்த நாவைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன். சி என்பது சிவன், வா அருள், ய உயிர், ந இறைவனின் மறைப்பாற்றல், ம உயிரைப் பற்றிய ஆணவ மலம் என்று சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் வகுத்த பொருள், ஓர் உயிர் எங்கே நிற்கிறது, எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டும் வரைபடம் போன்றது.

இனி முறை. வாசகம், உபாஞ்சு, மானசம் எனச் செபம் மூவகை. பக்கத்திலிருப்பவர் கேட்க ஓதுவது வாசகம். தன் செவிக்கு மட்டும் கேட்க நா அசைவது உபாஞ்சு. நாவும் அசையாமல் மனத்துள் நிகழ்வது மானசம். மூன்றாவதே உயர்ந்தது என்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் வாசகத்தில் பழகாத பிள்ளை மானசத்துக்கு எப்படி ஏறும்? மேலும், வாசகம் என்பது பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கும் குரலே தவிர, அடுத்த கிராமத்துக்குக் கேட்கும் குரலன்று.

இவ்விடத்தில் என் அம்மம்மாவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் கிழக்கேயுள்ள தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் ஓரடி எடுத்து வைக்கக் கால்மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. மழை பெய்தது, தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள். அம்மம்மா தம் உருத்திராக்க மாலையைச் சுவாமியறை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்ததால், ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையின் விரற்கணுக்களில் எண்ணி எண்ணி ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டு வந்தார். எங்கோ ஓர் ஓசை கேட்டுக் கூட்டம் நெருங்கித் தள்ளியதில் என் கை நழுவிவிட்டது. இருட்டு. என்னைச் சுற்றி ஆயிரம் கால்கள். அழுதேன், அழுகிற பிள்ளை நான் ஒருவன் மட்டுமா? அப்போது பலரும் நமசிவாய, முருகா, அம்மாளாச்சி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை குரல்களுக்குள்ளும் ஒரு குரல் மட்டும், முன்பல் இரண்டு விழுந்துவிட்டதால் 'சி' என்னும் எழுத்தில் சற்றே காற்றுக் கலந்து வரும் குரல், எனக்குத் தெரிந்தது. அதனைப் பிடித்துக்கொண்டே முண்டியடித்துப் போய் அவருடைய சேலைத் தலைப்பைப் பற்றினேன். அவர் என்னை ஏசவில்லை. "எங்கையடா போனனீ, என்ர ராசா? நீயும் சொல்லிக்கொண்டு வா" என்றார். விடியும் வரை சொன்னேன். அந்தப் பாலத்தில் ஒலிபெருக்கி ஒன்று ஐந்தெழுத்தை முழங்கியிருந்தால் நான் எந்தக் குரலைத் தேடிப் போயிருப்பேன்?

அன்பர்களே, இன்று நம் ஆலயங்களில் நடப்பது என்ன? அதிகாலையில் கூம்புக்குழாய் மந்திரம் ஓதுகிறது. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் சிறு பெட்டி ஓதுகிறது. நாம் தேநீர் குடிக்கிறோம். பெயர் வேண்டாம், ஓர் ஆலயத்தில் ஏழு வயதுப் பிள்ளை தேவாரம் பாடத் தொடங்கியபோது பதிவுசெய்த பாட்டை நிறுத்த மறந்துவிட்டார்கள். பிள்ளை இரண்டு வரி பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. 1847 இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான். எறும்பூரக் கல்லும் தேயும். ஊர்வது எறும்பாக இருக்க வேண்டும், எறும்பின் படமாக இருக்கக் கூடாது.

ஆகவே அறங்காவலர் சபையாரிடம் ஒன்றைக் கேட்கிறேன். நாள்தோறும் மாலைப் பூசைக்கு முன் கால்மணி நேரம் கருவிகள் அனைத்தையும் நிறுத்திவையுங்கள். வந்திருப்போர், பத்துப் பேராயினும் இருவராயினும், தம் வாயால் ஐந்தெழுத்தை ஓதட்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய உபகாரம். வருகிற சோமவாரம் தொடங்கலாம் என்று குருக்கள் ஐயா சொல்லியிருக்கிறார்; பந்தல் வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், வர விரும்புவோர் பெயரைப் பதியுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேச நேரம் இல்லை. நூற்றெட்டு முடியாதவர்கள் பதினொன்று சொல்லுங்கள். இப்போதே சொல்லிப் பார்ப்போம். ஒலிவாங்கியை நிறுத்திவிடுங்கள், தம்பி. பஞ்சபுராணம் ஓதிய பிள்ளைகள் தொடங்கட்டும்.